அவசரம் இல்லை

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துத் தேர்வு நாள் ஒன்று. முற்பகல் கண்காணிப்புப் பணி முடிந்து, நானும் தெலுங்குத் துறை நண்பர் ஒருவரும் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஆந்திரத்திலிருந்து வந்து பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தமிழை ஆர்வத்தோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தார். காப்பி வந்ததும் சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "சர்க்கரை அவசரம் இல்லை சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சர்க்கரைக்கு என்ன சார் அவசரம்? அது எங்கே ஓடிவிடப் போகிறது? மெதுவாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவரும் சிரித்தார். "தப்பாகச் சொல்லிவிட்டேன் போல. எங்கள் மொழியில் அவசரம் என்றால் தேவை. சர்க்கரை தேவையில்லை என்று சொல்ல வந்தேன். நீங்கள் சொல்கிற அவசரத்துக்கு எங்களிடம் தொந்தர என்று பெயர்" என்றார்.

நான் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முறை வருத்தம் தெரிவித்தார். அவர் பேசியது என் காதில் சரியாக விழவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனை வாசலில், வேப்பமர நிழலில் நின்றுகொண்டு என் அப்பா சொன்ன மூன்று சொற்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஆபரேசன் அவசரம் இல்லையாம்."

*

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நூலகத்துக்குப் போனேன். நேராகப் பார்க்க அஞ்சுகிற ஒன்று எதிரே வந்து நிற்கும்போது அகராதிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். பிரௌனின் தெலுங்கு அகராதி (1852), குண்டர்ட்டின் மலையாள அகராதி (1872), கிட்டலின் கன்னட அகராதி (1894), மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி (1899) என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினேன். பிறகு வந்த நாட்களில் அந்தந்த மொழி பேசும் நண்பர்களிடமும் கேட்டேன். அப்படிச் சேர்த்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கதைக்கு இது தேவைப்படும்.

அவசரம் வடசொல். 'அவ' என்பது கீழ்நோக்கி என்னும் பொருள் தரும் முன்னொட்டு. அடுத்து நிற்பது ஓடுதல், செல்லுதல் என்னும் பொருளுடைய வினையின் வழி வந்தது. இரண்டும் சேர்ந்தால் 'இறங்கி வருவது'. மழை இறங்குதல் என்ற பொருளையும் சமஸ்கிருத அகராதி தருகிறது. அங்கிருந்துதான் தக்க சமயம், வாய்ப்பு, ஒருவருடைய முறை, ஓய்வு நேரம் என்ற பொருள்கள் எல்லாம் கிளைக்கின்றன. விதைக்கிறவனுக்கு மழை இறங்குகிற நேரத்தைவிடத் தக்க சமயம் வேறு எது?

இந்திக்காரருக்கு 'அவ்சர்' இன்றும் வாய்ப்புதான். பொன்னான வாய்ப்பை 'ஸுநஹரா அவ்சர்' என்பார்கள். மலையாளத்திலும் அவசரம் என்றால் வாய்ப்பே. வேலைவாய்ப்பைத் 'தொழிலவசரம்' என்று மலையாள நாளிதழ்கள் எழுதுகின்றன. நாம் சந்தர்ப்பவாதி என்று வைகிறவரை அவர்கள் 'அவசரவாதி' என்று வைகிறார்கள். தமிழன் அதைக் கேட்டால் யாரோ பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பரபரப்பான ஆள் என்றுதான் நினைப்பான். கன்னடம் இந்த விஷயத்தில் நம்மோடு நிற்கிறது. 'அவசரவே அபகாதக்கெ காரண' என்று கர்நாடகச் சாலையோரங்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவசரமே விபத்துக்குக் காரணம். அந்த ஒரு சொல்லை மட்டும் நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். கடலைத் தாண்டிச் சிங்களத்துக்குப் போனால் 'அவசர' என்பது அனுமதி. அங்கே அனுமதிச் சீட்டு 'அவசர பத்திரய'. தெலுங்கில் அது தேவை.

வாய்ப்பு, அனுமதி, தேவை, பரபரப்பு. ஒரே சொல்லுக்கு நான்கு வீடுகள். ஒன்றோடொன்று உறவில்லாதவை போலத் தோன்றினாலும், யோசித்துப் பார்த்தால் நான்கையும் இணைக்கும் நூல் கண்ணுக்குத் தெரிகிறது. தக்க நேரம் ஒன்று வருகிறது. அதை வரவாகப் பார்த்தால் அது வாய்ப்பு. அது உள்ளே வரலாமா என்று கேட்டால் அனுமதி. அந்த நேரத்தில் எது இல்லாமல் முடியாதோ அது தேவை. வந்த நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று பதறினால் அதுதான் நம்முடைய அவசரம். இது என் ஊகமே தவிர அகராதி சொல்வதன்று. ஆனால் இந்தி பேசுகிறவர் நேரம் வருவதைப் பார்க்கிறார், நாம் அது போவதைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை.

தமிழிலும் அது எப்போதும் பதற்றச் சொல்லாக இருந்ததில்லை. திருவரங்கம் பெரிய கோயிலில் நண்பகலில் பெருமாளுக்கு அமுது செய்விப்பதற்குப் 'பெரிய அவசரம்' என்று பெயர். அங்கே ஒருவரும் ஓடுவதில்லை. குறித்த வேளையில் குறித்தபடி நடக்கிற ஒன்று அது. வைணவ உரையாசிரியர்கள் இறைவனை 'அவஸர ப்ரதீக்ஷன்' என்பார்கள். ஓர் உயிர் தன் பக்கம் திரும்புகிற அந்த ஒரு தருணத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பவன் என்று பொருள். அதாவது, அங்கே அவசரம் என்பது காத்திருந்து பெறுவது. முதுகலை படித்த காலத்தில் இந்தத் தொடரை நான் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவகாசமும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆகாசம், பிரகாசம் என்பவற்றில் உள்ள அதே வேர். திறந்த இடம், இடைவெளி என்பது மூலப்பொருள். வடமொழியில் அவசரமும் அவகாசமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இரண்டும் வாய்ப்பையும் ஓய்வையும் குறிக்கக்கூடியவை. தமிழிலோ அவை எதிரிகள். அவசரக்காரனுக்கு அவகாசம் இல்லை, அவகாசம் உள்ளவனுக்கு அவசரம் இல்லை. இந்திக்காரர் 'அவ்காஷ்' எடுத்தால் விடுப்பில் இருக்கிறார் என்று பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவகாசம் என்றால் வாய்ப்பு. மராத்தியில் விண்வெளி, விண்கலத்தை அவகாச யானம் என்பார்கள். மலையாளத்தில் அது உரிமை. மனித உரிமை அங்கே மனுஷ்யாவகாசம். ஒரு மொழியில் கொஞ்சம் நேரம் கேட்பதற்கான சொல், பக்கத்து மொழியில் உரிமையைக் கேட்பதற்கான சொல்.

1975 ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது ஒவ்வொரு மொழியும் அதற்கு ஒரு பெயரைத் தேட வேண்டியிருந்தது. தமிழில் அவசரநிலை என்றும் சொன்னோம். கன்னடம் 'துர்து பரிஸ்திதி' என்றது. மலையாளம் 'அடியந்தராவஸ்த' என்றது. அடியந்தரத்துக்கு உடன்பிறந்த 'அடியந்திரம்' இறந்தவருக்குச் செய்யும் சடங்கையும் குறிக்கும். தெலுங்கு 'அத்யவசர பரிஸ்திதி' என்றது. அதி அவசரம், அதாவது மிகுந்த தேவை. தேவை அளவு கடந்து போனால்தான் தெலுங்குக்காரருக்கு அது நம்முடைய அவசரம் ஆகிறது. வெறும் அவசரம் அங்கே அமைதியான சொல். கடைக்குப் போகும்போதும் சமையற்கட்டிலும் சாதாரணமாகப் புழங்குவது.

தொல்காப்பியம் வடசொல் தமிழுக்குள் வருவதற்கு விதி சொல்கிறது. வடவெழுத்தை விட்டுவிட்டு வரவேண்டும். பல ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்தி வருகிறேன். எழுத்தைச் சோதித்து உள்ளே விடுகிற அந்த விதி, பொருள் என்னவாகிறது என்பதைப் பற்றிக் கேட்பதில்லை. நான் மாணவர்களைச் சிரிக்க வைக்கச் சில எடுத்துக்காட்டுகளைக் கைவசம் வைத்திருந்தேன். சம்சாரம் என்றால் நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு, தெலுங்கில் குடும்பம். சிக்ஷா இந்தியில் கல்வி, மலையாளத்தில் தண்டனை. இரண்டும் ஒன்றுதானே என்பேன். வகுப்பு சிரிக்கும். என் சொந்த வீட்டில் அப்படி ஒரு சொல் கிடந்ததை மட்டும் நான் அறியவில்லை.

*

என் சொந்த ஊர் செய்யாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தம் இருபதாவது வயதில், 1966இல், நெல்லூருக்குப் போனார். அங்கே ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. பதினெட்டு ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போவார். 1984இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. வீட்டுக்குள் ஒரு புதிய மனிதர் வந்ததுபோல இருந்தது.

அதிகம் பேசாதவர். அதற்கு அவரே ஒரு காரணம் சொல்வார். மண்டியில் சேர்ந்த முதல் நாள், தெலுங்கு ஓர் எழுத்தும் தெரியாது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் "செப்புலு இக்கட விடவண்டி" என்றாராம். செப்புதல் என்றால் சொல்லுதல் என்று அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் உதவிக்கு வந்திருக்கிறது. பேச்சையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டு உள்ளே போ என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, செருப்போடு உள்ளே போய், முதலாளி கேட்ட எதற்கும் வாய் திறக்காமல் நின்றாராம். பெரியவர் சொன்னது செருப்பை. தெலுங்கில் 'செப்பு' சொல்வதையும் குறிக்கும், செருப்பையும் குறிக்கும். முதலாவது நம் செப்புதலின் உறவு, இரண்டாவது நம் செருப்பின் உறவு. வேர் வேறு, ஒலி ஒன்று. "அன்னைக்கு வாசல்ல விட்ட பேச்சை நான் திரும்ப எடுத்துக்கவே இல்ல" என்று முடிப்பார். நாங்கள் நூறு முறை கேட்டிருப்போம்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று காலையில் நான் பரபரக்கும்போது, "தொந்தரப்படாதடா" என்பார். தொந்தரவு பண்ணாதே என்று அதட்டுகிறார் என நினைத்து, அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போய் நின்றிருக்கிறேன். பரபரக்காதே, நிதானமாகப் போ என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிய வந்தது என் முப்பத்தாறாவது வயதில், ஒரு கிண்ணம் சர்க்கரையின் முன்னால்.

*

2009 மார்ச் முதல் வாரம் அப்பாவை ஆந்திரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வயிற்றில் வலி. நெல்லூர் மண்டிக்காரர் குடும்பம் சொல்லிவிட்ட மருத்துவர் அவர். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

பரிசோதனைகள் முடிந்து, இரண்டாம் நாள் முற்பகல் மருத்துவர் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து நான் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். அப்பா தனியாக உள்ளே போனார். நான் போய்க் கதவைத் திறந்தபோது இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் மிகவும் மென்மையாக, அப்பாவின் கையைப் பிடித்தபடி பேசினார். கடைசியாக அவர் சொன்னதில் "ஆபரேஷன் அவசரம் லேது" என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதற்குப் பொருள் விளங்கியதாகவே எண்ணினேன். தெலுங்கு தெரியாவிட்டாலும், அவசரம் தெரியாதா?

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று, "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஆபரேசன் அவசரம் இல்லையாம்" என்றார் அப்பா.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார். இருவரும் போய் இட்லி சாப்பிட்டோம். பேருந்தில் சன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

கையில் கோப்பு இருந்தது. ஆங்கிலத்தில் நான்கைந்து தாள்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஒருமுறை புரட்டினேன். நீளமான மருத்துவச் சொற்கள். மூடி வைத்துவிட்டேன். கேட்க விரும்பியது காதில் விழுந்துவிட்ட பிறகு யார்தான் மேற்கொண்டு படிப்பார்கள்? மருத்துவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தம் நோயாளியிடம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், உண்மையைச் சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார்.

அந்த ஏழு வாரங்களும் வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போய்வந்தேன். அப்பா மெலிந்துகொண்டே வந்தார். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "ஒரு தரம் நெல்லூர் போய்ட்டு வரலாமாடா? பெண்ணா ஆத்துக் கரையில ரங்கநாதர் கோயில்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும்னு இருக்கு."

"செமஸ்டர் முடியட்டும்பா. இப்ப அதுக்கு அவசரம் இல்லையே" என்றேன்.

"ஆமாமா. அவசரம் இல்ல" என்றார்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அப்பா போய்விட்டார். செமஸ்டர் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று வந்தவர்களிடம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

*

நூலகத்திலிருந்து வந்த இரவு முழுவதும் ஓர் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தெரிந்தேதான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். தெலுங்கில் அது உண்மை: அறுவை சிகிச்சை தேவையில்லை, செய்து பயனில்லை. தமிழில் அது ஆறுதல்: அவகாசம் இருக்கிறது. புதிதாக வேலைக்குப் போன மகன் கலங்கக் கூடாது என்று, பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல், இரண்டு மொழிகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய சந்தில் என்னைப் பத்திரமாக நிறுத்தி வைத்தார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல கதை அது. ஒரு மொழியாசிரியனுக்கு ஏற்ற கதை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, முறத்தைக் கீழே வைத்தார்.

"அதுல மறைக்கறதுக்கு என்னடா இருக்கு? உங்கப்பா பேச்சுல அவசரம்னா வேணும்னுதான் அர்த்தம். கடைக்குக் கௌம்பறப்போ புளி அவசரமா, பருப்பு அவசரமான்னுதான கேப்பாரு? உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் மகனாக இருந்து, அந்தக் கேள்வியை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். அப்பா கடைக்குப் போகப் பரபரக்கிறார் என்று நினைத்திருப்பேன். அல்லது எதுவுமே நினைத்திருக்க மாட்டேன். மொழி வல்லுநர்கள் செய்வதை அங்கேயே உட்கார்ந்து செய்து பார்த்தேன். பரபரப்புக்கு அப்பா எப்போதும் சொன்ன சொல் தொந்தர. அப்படியானால் அவர் பேச்சில் அவசரம் பரபரப்பைக் குறிக்க வேண்டிய வேலையே இல்லை. சான்றுகள் அத்தனையும் அம்மா பக்கம் இருந்தன. அப்பா எதையும் மறைக்கவில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே, தம் மொழியில், என்னிடம் சொல்லிவிட்டார். நான் "நல்லதாப் போச்சு" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் வந்து சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். நீயும் தெரிஞ்சுதான் கலங்காம இருக்கேன்னு நெனச்சோம்" என்றார் அம்மா. "பையன் தைரியமா இருக்கான், அவன் எதிர்ல நீ அழுதுடாதேன்னு எங்கிட்ட சொன்னாரு. அதைப் பெருமையாத்தான் சொன்னாரு."

நெல்லூரைப் பற்றி நான் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் சில நாட்களே இருக்கின்றன என்று தமக்கும் தெரிந்து, மகனுக்கும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவர், ஒரே ஒருமுறை ஓர் இடத்துக்குப் போய்வர ஆசைப்பட்டுக் கேட்டார். மகன் சொன்ன பதில் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை இப்போது மொழிபெயர்க்க முடிகிறது. இப்ப அது தேவையில்லையே. அவரும் ஒப்புக்கொண்டார். ஆமாமா, தேவையில்லை.

வேற்று மொழிக்காரரிடம் பேசும்போது நாம் கவனமாக இருக்கிறோம். புரிந்ததா என்று கேட்கிறோம், திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். நம் மொழியையே பேசுகிறவர் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் அந்தக் கவனம் இருப்பதில்லை. அப்பா தமிழ்தான் பேசினார். அந்தத் தமிழில் பதினெட்டு ஆண்டு நெல்லூர் இருந்தது, மண்டியின் கணக்குப் புத்தகம் இருந்தது, யாருக்கும் சொல்லாத தனிமை இருந்தது. பன்னிரு நிலத்திலிருந்து திசைச்சொல் வரும் என்று பாடம் நடத்துகிற நான், பதின்மூன்றாவது நிலம் ஒன்று எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

இரும்புப் பெட்டியிலிருந்த கோப்பையும் அன்று எடுத்துப் படித்தேன். இரைப்பையில் தோன்றியது ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சையால் பயனில்லை என்பதே அதன் சாரம். இரண்டாம் தாளில் இருந்தது. அவ்வளவு கடினமான ஆங்கிலமும் இல்லை.

*

2014 பொங்கல் விடுமுறையில் நெல்லூருக்குப் போனேன். சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரப் பயணம். செமஸ்டர் முடியும்வரை ஒத்திப்போட வேண்டிய தொலைவே அல்ல. ஒரே நாளில் போய்த் திரும்பியிருக்கலாம்.

மண்டி இருந்ததாக அம்மா சொன்ன தெருவில் கைப்பேசிக் கடைகள் இருந்தன. யாரிடமும் விசாரிக்கவில்லை. பெண்ணா ஆற்றங்கரை ரங்கநாதர் கோயிலில் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் திட்டுகளில் கொக்குகள் நின்றன. வாசலில் செருப்பை விடும்போது அப்பாவின் கதை நினைவுக்கு வந்தது. காவலாளி அதே வாக்கியத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையால் இடத்தைக் காட்டினார்.

இரவு விடுதிக்குத் திரும்பினேன். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்த பையன், போகும்போது கதவருகே நின்று, "ஏதைனா அவசரமா சார்?" என்று கேட்டான். ஏதாவது வேண்டுமா என்கிறான். நான் உடனே பதில் சொல்லாததால், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, நிதானமாக இன்னொரு முறை கேட்டான்.

"அவசரம் லேது" என்றேன்.

அந்தச் சொல்லை அப்பா சொன்ன பொருளில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.